தாய்மாமனைக் கேட்காத ஃபாரம்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த திருமணத் தகவல் மையத்தில் நான் வேலை பார்த்தேன். அதை நடத்திய அக்காவுக்கு இன்டர்நெட் ஆசை வந்திருந்தது. அதுவரை காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டிருந்த பதிவை, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தே யாரும் நிரப்பும்படி மாற்ற வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் இரண்டு கையாலும் அந்த வேலையை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அது வெறும் வேலை அல்ல. வடமதுரையில் உரக்கடை வைத்திருந்த அப்பா ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஆவணி வரைக்கும் பாரு. ஓடுச்சுன்னா இரு. ஓடலைன்னா பேசாம வீட்டுக்கு வந்துரு, நாங்க காட்டுற எடத்துல கழுத்த நீட்டு." ஆகவே அந்த ஃபாரத்தை யாராவது முழுசாக நிரப்பினால்தான் நான் திண்டுக்கல்லில் இருக்க முடியும்.

அக்காவின் காகித ஃபாரம் அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது. அதை அப்படியே பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்டேன். மஞ்சள் கரை கட்டி, மேலே ஒரு குத்துவிளக்குப் படமும் வைத்தேன். சித்திரையில் திறந்தோம். ஜனங்கள் வந்தார்கள். பெயர் போட்டார்கள், ஊர் போட்டார்கள், கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டு, 'பதிவு செய்' பொத்தானை அமுக்காமல் எழுந்து போனார்கள். யார் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று என் கம்ப்யூட்டரில் தெரியும். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். இம்புட்டு தூரம் வந்தவர்களுக்கு ஒரு அமுக்கு அமுக்க என்ன கேடு?

நீளம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். வெட்ட ஆரம்பித்தேன். குலதெய்வம் எதற்கு என்று தூக்கினேன். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் போனார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போவது பெண்ணும் பையனும்தானே என்று எனக்கு ஒரு நியாயம் வேறு. ஃபாரம் பாதியானது. வைகாசியும் ஆனியும் முகூர்த்த மாதங்கள், மண்டபம் கிடைக்காமல் ஊர் அலைகிறது, எங்களிடம் பதிவு மட்டும் ஏறவில்லை. முன்பாவது கடைசிப் பக்கத்தில் நின்றார்கள், இப்போது நடுவிலேயே எழுந்தார்கள். "பழைய காகிதமே தேவலை போல" என்று அக்கா சொன்னபோது நான் ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினேன்.

ஆனி கடைசியில் சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பூ விவசாயம். மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு நேராக மாடியேறி வந்திருந்தார், சட்டையெல்லாம் வாசம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மகள் படிப்பு, நட்சத்திரம், நிலம், கிணறு எல்லாம் நிதானமாகச் சொன்னார். கடைசிப் பக்கம் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி தாயி, வாரேன்."

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஐயா, ஒரே ஒரு பட்டன்தான். அதுக்குள்ள எங்க போறீங்க?"

அவர் கோபப்படவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தார். "மாமன ஒரு வார்த்தை கேக்காம எப்படித் தாயி? நாளைக்குச் சபையில மாலை எடுத்துக் குடுக்கிறவன் அவன்ல. நீயும் அம்புட்டுக் கேட்ட, புள்ளைக்குத் தாய்மாமன் யாருன்னு ஒரு கேள்வி கேக்கலியே. அப்பவே எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வெவரம் தெரிஞ்சவுகதானா நீங்கன்னு."

"கேட்டுட்டு வாங்க ஐயா, அப்புறம் அமுக்கலாம்."

"வந்தா?"

வந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எழுந்து போனால் எல்லாம் அழிந்துவிடும். அப்படித்தான் நான் செய்து வைத்திருந்தேன்.  அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகம் தெளிந்துவிட்டது.

ஆடி பிறந்தது. ஆடியில் எவன் கல்யாணம் பேசுவான்? மாடிப்படி காலியாகக் கிடந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஃபாரத்தை அடியோடு பிரித்தேன். வெட்டிய சொந்தங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தாய்மாமனுக்குப் பெயர், ஊர், தொழில் மூன்றும் கொடுத்தேன். வாய் கூசாமல் சொல்லக்கூடியதை முன்னால் வைத்தேன். சம்பளம், எதிர்பார்ப்பு போன்ற இழுபறிகளைப் பின்னால் தள்ளினேன். கிறிஸ்தவக் குடும்பம் என்று குறித்தால் நட்சத்திரம், ராசி எதுவும் எட்டிப் பார்க்காது, பங்குக் கோயில் எது என்று மட்டும் கேட்கும். 'பதிவு செய்' பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று இன்னொன்று வைத்தேன். அதை அமுக்கினால் எல்லாம் பத்திரமாக இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போக அச்சும் வரும், மறுபடி திறக்க ஒரு எண்ணும் வரும்.

அக்கா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஏண்டி, குறைக்கச் சொன்னா ஊரையே கூட்டிட்டு வந்திருக்க?"

ஆவணியில் ஜனங்கள் அந்த இரண்டாவது பொத்தானைத்தான் தேடித் தேடி அமுக்கினார்கள். எனக்குத் திக்கென்றது. ஆனால் போனவர்கள் திரும்பினார்கள். அச்சுத்தாளைச் சாமி காலடியில் வைத்துப் பூ உத்தரவு கேட்டு, மாமனிடம் காட்டி, நல்ல நேரம் பார்த்து வந்தார்கள். குஜிலியம்பாறையிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்தே வந்தது. பூக்காரர் மைத்துனரோடு வந்தார். பொத்தானை அமுக்கியது மைத்துனர்தான், அதுவும் சபையில் மாலை எடுத்துக் கொடுக்கிற மிடுக்கோடு. நான் சந்தோஷத்தில் கீழே ஓடிப்போய் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கி வந்தேன். அக்கா காகிதப் பேச்சையே விட்டுவிட்டார்.

ஆவணி முடியப் போகிற ஒரு காலையில் மாடிப்படியில் அப்பா குரல் கேட்டது. கூடவே என் மாமா, அம்மாவின் தம்பி. கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இங்கே எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வடமதுரையில எல்லாரும் இங்கதான் பதியுறாங்களாம். ஒனக்கும் பதியணும். தட்டு."

என் ஃபாரத்தை எனக்கே நான் நிரப்பினேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. மற்றவர்களிடம் வாய் கூசாமல் நான் கேட்டதற்கெல்லாம் அப்பாவும் மாமாவும்தான் பதில் சொன்னார்கள். நிறம் என்ன என்று வந்தபோது மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "மாநிறம்னு போடு, பொய் வேணாம்" என்றார். கடைசிப் பக்கத்தில் 'எதிர்பார்ப்பு' வந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

மாமாதான் முந்திக்கொண்டார். "பொண்ணு வேலைய விடாது. அதுக்கு ஒத்துக்கிற எடம் மட்டும் வந்தாப் போதும்னு போடு. என்ன மச்சான்?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"போடு" என்றார். நான் தட்டி முடித்த பிறகும் அவர் கண்ணை எடுக்கவில்லை. "ஏத்தா, இம்புட்டு முக்கியமானதக் கொண்டுபோய்க் கடைசியில வச்சிருக்க? மொதப் பக்கத்துல போட முடியாதா?"

முடியும் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள், பெண் வேலையைத் தொடர்வாளா என்ற கேள்வியைத் தனியாக எடுத்து எல்லாப் பெண்களுக்கும் முதல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.