அம்மாவுக்கு வந்த குணம்

எங்கள் சித்தப்பா ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மனித மனத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் இருக்கவில்லை. வாரம் முழுவதும் சைதாப்பேட்டையில் விடுதியில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தோமுக்கு வந்து எங்களோடு மாதாகோயிலில் பூசை காண்பார். மத்தியானம் அம்மா வைக்கும் மீன்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, அந்த வாரம் கற்றுக்கொண்டதை எங்கள் மேல் பிரயோகித்துப் பார்ப்பார். ஒரு வாரம் என் ஞாபகசக்தியை அளந்தார். இன்னொரு வாரம், பூனை எதற்கெல்லாம் பயப்படும் என்று ஆராயப் போய்க் கையில் கீறல் வாங்கிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் குணச் சோதனையைக் கொண்டுவந்தார். சீமையிலிருந்து வந்த பத்திரிகை ஒன்றில் இருந்த கேள்விகளை அவரே தமிழில் எழுதியிருந்தார். பதில் சொல்பவரின் பெயரைத் தாளில் எழுதக் கூடாது, பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பவை சாஸ்திரத்தின் விதிகள். ஆகவே என்னை வாசலுக்குத் துரத்திவிட்டு, முதலில் அப்பாவை முன்னறையில் உட்காரவைத்துக் கேட்டுப் பதில்களைத் தானே எழுதிக்கொண்டார். பிறகு சமையலறைக்குப் போய், நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைக் கேட்டார். சிறுவர்களுக்கு இன்னும் குணம் உருவாகவில்லை என்று சொல்லி என்னைக் கேட்கவேயில்லை. அதில் எனக்கு வருத்தந்தான்.

அப்பா துறைமுகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். லஸ் முனையில் டிராம் ஏறினால் அதே ஜன்னலோரம், இறங்கினால் அதே பொடிக்கடை. அம்மா எட்டாம் வகுப்புத் தேறியவள். ஆனால் வெளியாட்களிடம் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. கூடையோடு வாசலுக்கு வரும் மீன்காரிக்கே அது பொறுக்காது. “இன்னாம்மா நீ, வெலையே கேக்காம வாங்கிக்கினு போறே. எனக்குத்தான் பேஜாரா கீது” என்று அலுத்துக்கொள்வாள்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா முடிவுகளோடு வந்தார். அப்பா அமைதியை விரும்புகிறவர், ஒழுங்கில் நிறைவு காண்பவர், பெரியவர் சொல்லைத் தட்டாதவர் என்று படித்தார். “சரியாத்தான் சொல்லியிருக்கான்” என்று அப்பா வெற்றிலையை எடுத்தார். பிறகு அம்மாவுடையது. புதியதைத் தேடும் மனம், கூட்டத்தில் தயங்காத பேச்சு, பிறரை நடத்திச் செல்லும் ஆற்றல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் சலிப்பு.

அப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் சிந்தியது. “யாருக்குடா, உங்க அண்ணிக்கா?”

அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் அப்படியெல்லாம் பதில் சொல்லலையே தம்பி.”

“வாயால சொல்றதை மட்டும் பார்த்தா அது சாஸ்திரமா அண்ணி? உள்ளே ஒளிஞ்சிருக்கிறதைத் தோண்டி எடுக்கிறதுக்குத்தானே இத்தனை கேள்வி” என்றார் சித்தப்பா.

அம்மா நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். பிறகு, “இன்னொரு தரம் படிங்க” என்றாள். அவர் படித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

அந்த வாரம் மீன்காரி திகைத்துப் போனாள். அம்மா விலை கேட்டாள், பேரம் பேசினாள், கடைசியில் வேண்டாம் என்று கூடையை அவள் தலைக்குத் தூக்கியும் விட்டாள். அதற்கு அடுத்த வாரம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுகிறேன் என்று வந்தவள், வாசலோடு திரும்பாமல் படியேறித் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதரைப் பார்க்கப் போனாள். முதல் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். அந்த இடத்துக்கு வரச்சொல்லி அவர்கள் அம்மாவை முன்பே ஒருமுறை கேட்டிருந்தார்கள். அப்போது அம்மா, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருந்தாள். இப்போது யாரையும் கேட்கவில்லை. அன்று இரவு அப்பாவுக்குச் சோறு போடும்போது, “நாளையிலேர்ந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேங்க” என்றாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் தம்பியின் சாஸ்திரத்தைக் கம்பெனியில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்ததால், அதை மீற அவருக்கு வழியில்லை.

எனக்குத்தான் கஷ்டகாலம் தொடங்கியது. அதுவரை மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவந்தால் அம்மா தட்டு வைத்துக் காத்திருப்பாள். இப்போது காலையில் கட்டிய சாதத்தை மரத்தடியில் உட்கார்ந்து தின்ன வேண்டியிருந்தது. அம்மாவைச் சுற்றி எப்போதும் முதல் வகுப்புப் பிள்ளைகள். பாதிப்பேர் கடற்கரைக் குப்பத்துப் பெண்கள். அம்மாக்களோடு மார்க்கெட் வரை கூடை தூக்கிப் போய்விட்டு, ஈர முடியோடு நேரம் கழித்து வருவார்கள். இப்படி வருகிறவர்களின் பெயரை அடித்துவிடலாம் என்று மற்ற டீச்சர்கள் சொன்னபோது அம்மா எழுந்து பேசினாளாம். “அவங்க வேலையை நாம மாத்த முடியாது மதர். முதல் பாடத்தை அவங்க வந்தப்புறம் நான் வெச்சுக்கறேன்” என்றாளாம். இதை இன்னொரு டீச்சர் கோயில் வாசலில் அப்பாவிடம் சொன்னபோது, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கடலைப் பார்த்த எங்கள் வகுப்பு ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் ஈர மணலில் விரலால் எழுத்துப் போடச் சொல்லியிருந்தாள். அலை வந்து எழுத்தை அழிப்பதற்குள் உரக்கப் படிக்க வேண்டும். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அலைக்கு முன்னால் அவர்களோடு ஓடினாள். அவள் கத்துவது காற்றில் எனக்குக் கேட்டது. அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பெருமையாக இருந்திருக்க வேண்டும். என் பக்கத்துப் பெண், “அது உங்கம்மாவா?” என்று கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலத்தின் நடுவில், பழைய டீச்சர் இனி வரப்போவதில்லை என்று தெரிந்தது. அம்மாவைத் தங்கள் செலவிலேயே பயிற்சிக்கு அனுப்பி நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக மதர் சொன்னார்கள். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன், குருத்து ஞாயிறன்று சித்தப்பா வந்தார். முகம் சரியில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் பையிலிருந்து தாள்களை எடுத்தார். பெயர் எழுதக் கூடாது என்பதால் அண்ணன் தாளில் ஒரு புள்ளியும் அண்ணி தாளில் இரண்டு புள்ளியும் வைத்திருந்தாராம். கணக்குப் போடும்போது எது யாருடையது என்பதை மாற்றி நினைத்துக்கொண்டாராம். பரீட்சைக்காகக் கட்டுரை எழுத மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பொழுது போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, ‘பாப்பாவுக்குப் பேன் பார்ப்பேன்’ என்று ஒரு தாளில் இருந்திருக்கிறது. பாப்பா நான்தான். அது அண்ணன் சொன்ன பதிலாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

“தப்பு என்னோடதுதான் அண்ணி. அமைதி, ஒழுங்கு எல்லாம் உங்களுக்கு வந்தது. மத்தது அண்ணனுக்கு.”

அப்பாவுக்கு ஒரு மாதிரி சந்தோஷம். “அதானே, நானும் யோசிச்சேன்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் முழுவதும், கம்பெனியை விட்டுவிட்டுத் தனியாகக் கயிறு வியாபாரம் தொடங்குவதைப் பற்றிப் பேசினார். மறுநாள் லஸ் முனையில் அதே ஜன்னலோரத்தில் ஏறிப் போனார். அதற்குப் பிறகும் அப்படியே போய்க்கொண்டிருந்தார்.

அம்மா அந்தத் தாளை வாங்கித் தன் பதில்களை மெதுவாகப் படித்தாள். படித்து முடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்போ நான் சொன்னதைத்தான் பார்த்திருக்கீங்க. வேற எதையும் பார்க்கலையா தம்பி?”

“சொன்னதை வெச்சுத்தானே அண்ணி கணக்குப் போட முடியும்” என்றார் சித்தப்பா. உள்ளே ஒளிந்திருப்பதைத் தோண்டி எடுப்பதாக முதலில் தானே சொன்னது அவருக்கு நினைவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள்.

மறுநாள் அவள் மதரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். ஏன் வேண்டாமென்கிறாய், வீட்டில் யாராவது தடுக்கிறார்களா என்று அவர்கள் கேட்டார்கள். அப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. “இல்ல மதர். எனக்கு அது ஒத்துவராது. சோதனை பண்ணிப் பார்த்துட்டாங்க” என்றாள் அம்மா. மதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு சில நாள்கள் குப்பத்துச் சிறுமி ஒருத்தி கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். “டீச்சரம்மாக்கு ஒடம்பு நல்லாகீதா?” என்று என்னிடம்தான் கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்று நானும் சொல்வேன். அம்மா உள்ளேயிருந்து வெளியே வரமாட்டாள். அப்புறம் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்திலும் அவளை நான் பார்க்கவில்லை.

அம்மா வெகுகாலம் இருந்தாள். அந்தச் சில வாரங்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றிய வயதில் அவளுக்குக் காது மந்தமாகியிருந்தது. உரக்கக் கத்திக் கேட்கக்கூடிய விஷயமாகவும் அது இல்லை.

தான் யாரிடமும் சொல்லாததை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவள் பள்ளிக்கூடத்துப் படியேறினாள் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் இறங்கி வந்துவிட்டாள். அந்த வாரங்களில் தான் எப்படி இருந்தாள் என்பதைவிட, அந்தத் தாளில் தான் சொன்னதையே அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள். அந்த வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஈஸ்டர் விடுமுறை முடிந்த முதல் நாள், மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா தட்டு வைத்துக் காத்திருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.