குனிஞ்சு ஓட்டுற வண்டி

அந்தப் பீஸ் என் மேசைக்குத் திரும்பி வந்தப்ப காலை டீ டைம். அசெம்ப்ளி லைன்ல இருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்தா. ஊர் கெலமங்கலம் பக்கம். வீட்ல தெலுங்கு, என்கிட்ட தமிழ், சூப்பர்வைசர்கிட்ட கன்னடம். மூணு வருஷமா எனக்கு அடுத்த ஸ்டேஷன் அவளோடதுதான். மூடுன கையோட வந்து, என் மேசைமேல கையைத் திறந்தா.

"அண்ணா, இதைப் பாருங்க. நோ-கோ உள்ள போவுது."

பாத்தேன். பீஸ் மேல என் நீலப் புள்ளி இருந்துச்சு.

எங்க கம்பெனியில பைக்குக்கு பிரேக் சிலிண்டர் செய்றோம். வலது கைப்பிடி பக்கத்துல, லீவரை அழுத்துனா ஆயிலைத் தள்ளுதே, அந்தச் சின்ன அலுமினிய டப்பா. அதோட துளை சரியா இருக்குதான்னு பாக்குறது என் வேலை. அதுக்கு ஒரு கேஜ், பேனா நீளம், ரெண்டு முனை. பச்சை முனை கோ. அது துளைக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போவணும். சிவப்பு முனை நோ-கோ. அது வாயிலயே நின்னுடணும். உள்ள போச்சுன்னா துளை பெருசு. பெருசா இருந்தா ஆயில் தங்காது, லீவரை எவ்வளவு அழுத்துனாலும் வண்டி நிக்காது. சரியா இருக்குற பீஸ் மேல மார்க்கர்ல ஒரு புள்ளி வெப்போம், ஆளுக்கு ஒரு கலர். என் கலர் நீலம்.

சில துளையில சிவப்பு முனையை லேசா உள்ள இழுக்கும். அந்த இழுப்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமா என் விரல் அதைப் பாத்துக்கினு இருந்துச்சு.

கேஜை எடுத்து சிவப்பு முனையை வெச்சேன். "நல்லாத்தானம்மா நிக்குது?"

அவ என் கையில இருந்து கேஜை வாங்குனா. வெச்சா. லேசா இழுக்குறது அவ விரலுக்குத் தெரிஞ்சுது. "எங்கண்ணா நிக்குது?"

அவ சுத்திமுத்தி பாத்துட்டு, மார்க்கர் மையை அழிக்குற தின்னர் துணியை எடுத்து என் நீலப் புள்ளியைத் துடைச்சா. அடுத்தவங்க புள்ளியைத் துடைச்சா எங்க கம்பெனியில மெமோ. அது அவளுக்கும் தெரியும். துடைச்ச பீஸைக் கழிச்ச பீஸுங்க போடுற சிவப்பு டப்பாவுல போட்டுட்டு, கொரலைத் தாழ்த்தி சொன்னா.

"இது ஒரு தடவை. இன்னொண்ணு வந்துச்சுன்னா நானே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிருவேன், தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரரும் பைக்லதான் வேலைக்குப் போறாரு."

ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லல. கோவந்தான் வந்துச்சு, அவ மேல. எப்படி இருந்திருக்கேன் பாருங்க. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டுனேன். மார்கழி மாசத் தண்ணி. சுண்டுவிரல் விறைச்சுது. கட்டைவிரலுக்கும் அடுத்த ரெண்டு விரலுக்கும் தண்ணி விழுறதே தெரியல.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது புதுசு இல்ல. நாலஞ்சு மாசமாவே தினம் காலையில பார்க்கிங்ல எறங்குனதும் கையை உதறுவேன். உதறுனா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அப்புறம் உதறியும் சரியாவல. வண்டிதான் காரணம்னு உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் அது. கைப்பிடி ரெண்டும் கீழ எறங்கி, கால் பின்னாடி மடங்கி, டேங்க் மேல படுத்துக்கினுதான் ஓட்டணும். தங்கச்சி கல்யாணம், வீடு எல்லாம் முடிச்சு, எனக்குன்னு நான் ஆசைப்பட்டு வாங்குனது வாழ்க்கையிலயே அது ஒண்ணுதான். கிருஷ்ணகிரியில கிளம்புனா ஒசூர் வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர். மேலுமலை ஏத்தத்துல லாரிங்களுக்கு நடுவுல பூந்து வெளிய வருவேன் பாருங்க, அப்ப நான் யாருக்கும் புருஷனும் இல்ல, இன்ஸ்பெக்டரும் இல்ல. கேட்டுல செக்யூரிட்டி "வந்துட்டாருய்யா ரேஸு"ன்னு சொல்றதுக்கே ஒரு தடவை சும்மா ஆக்சிலேட்டர் முறுக்குவேன். முப்பத்தெட்டு வயசு ஆளு. சிரிக்காதீங்க, அந்த வண்டின்னா எனக்கு உசுரு.

வீட்டுக்காரிக்கு முன்னாடியே சந்தேகம். சட்டைப் பட்டன் போடத் தடவிக்கினு இருந்ததைப் பாத்திருக்கா. டம்ளர் நழுவுனதைப் பாத்திருக்கா. அன்னிக்கு சாயந்திரம் நான் ஒண்ணும் சொல்லாமயே, "அந்த வண்டியை வித்துத் தொலைங்க"ன்னா. நான் கத்துனேன். "உனக்கு என்னா தெரியும் வண்டியைப் பத்தி?" அவ பதிலுக்குக் கத்தல. என் கட்டைவிரலைப் பிடிச்சு நறுக்குன்னு கிள்ளுனா. நகம் பதிஞ்சிருக்கு, ரத்தம் கட்டியிருக்கு. எனக்கு வலிக்கவே இல்ல. அவ முகத்தைப் பாத்துத்தான் எவ்வளவு பலமாக் கிள்ளியிருக்கான்னே தெரிஞ்சுது.

மறுநாள் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனா. டாக்டர் என் மணிக்கட்டை மடக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, மொதல்ல கேட்டதே "எந்த வண்டி ஓட்டுறீங்க?" சொன்னேன். "உடம்புக் கனம் மொத்தமும் மணிக்கட்டுல எறங்குது. நரம்பு நசுங்கிக்கினே இருக்குது. இப்ப நிறுத்துனா மூணு நாலு வாரத்துல உணர்ச்சி திரும்பலாம். இன்னும் இப்படியே ஓட்டுனீங்கன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

மூணு நாலு வாரம். எனக்கு இருந்தது பத்து நாள். கஸ்டமர் கம்பெனியில இருந்து ஆடிட் வருது, அதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் எல்லாருக்கும் டெஸ்ட்டுன்னு அன்னிக்குக் காலையிலதான் போர்டுல ஒட்டியிருந்தாங்க. பத்து பீஸ், நல்லதும் கெட்டதும் கலந்து. மூணு ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் வரிசையை மாத்தி வெப்பாங்க. ஒரே பீஸை மூணு தடவையும் ஒரே மாதிரி சொல்லணும், சரியாவும் சொல்லணும். தப்புனா கேஜ் கையை விட்டுப் போயிடும். கேஜ் இல்லாத நான் அந்தக் கம்பெனியில யாரு?

அந்த வாரமே ஷோரூமுக்குப் போனோம். நிமிந்து உக்காந்து ஓட்டுற வண்டி ஒண்ணைக் காட்டுனாங்க. கைப்பிடி மேல, சீட்டு அகலம், சாம்பல் கலரு. ஏறி உக்காந்தா நாற்காலியில உக்காந்த மாதிரியே இருக்குது. "பால் கேன் மாட்டுறதுக்குக் கொக்கி எங்க?"ன்னு கேட்டேன், கடுப்புல. வீட்டுக்காரி பின்னாடி ஏறி உக்காந்து பாத்துட்டு, "மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் என் முட்டி என் மூஞ்சியை இடிக்கல"ன்னா. ஷோரூம்காரர் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

பழைய வண்டிச் சாவி ரெண்டையும் கேட்டாங்க. வளையத்துல இருந்து சாவியைக் கழட்ட நகத்தை உள்ள விடணும் இல்லையா, என்னால முடியல. வளையம் எங்க இருக்குதுன்னே கட்டைவிரலுக்குத் தெரியல. மூணு தடவை கீழ விழுந்துச்சு. அவதான் வாங்கிக் கழட்டிக் குடுத்தா. சிவப்பு வண்டியை ஒருத்தன் தள்ளிக்கினு போனான். அழுகை வந்துச்சு, அடக்கிக்கினேன்.

மறுநாள்ல இருந்து தினமும் பரீட்சைதான். புது வண்டியில நெஞ்சுக்கு நேராக் காத்து அடிக்குது, வேகமே எடுக்க மாட்டேங்குது, நான் ஓவர்டேக் பண்ண லாரியெல்லாம் என்னை ஓவர்டேக் பண்ணுது. குருபரப்பள்ளியில நிறுத்தி விரலைப் பல்லுல கடிச்சுப் பாப்பேன். மேலுமலையில ஒரு கடி. சூளகிரியில ஒரு கடி. ஒண்ணும் இல்ல. நாலாம் நாள் நடுவிரல்ல எறும்பு ஊருற மாதிரி ஏதோ ஒண்ணு. அடேயப்பா, அந்த எறும்புக்காக நான் வேண்டாத சாமி இல்ல.

கேட்டுல செக்யூரிட்டி, "என்னா ரேஸு, பால் எத்தனை லிட்டரு?"ன்னாரு. பல்லைக் கடிச்சுக்கினு சிரிச்சு வெச்சேன். மேசையில உக்காந்தா ஒவ்வொரு பீஸையும் ரெண்டு தடவை பாத்தேன். இடது கையிலயும் பிடிச்சுப் பாத்தேன், அதுக்குப் பழக்கமே இல்ல, அதுக்கு எல்லாமே நிக்குற மாதிரிதான் இருந்துச்சு. எண்ணிக்கை டார்கெட்டுக்குக் கீழ போச்சு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு பீஸா எடுக்குறப்பவும் ஓரக்கண்ணால பாப்பேன். அவ நிமிந்து பாக்கலன்னாதான் அடுத்த மூச்சு.

டெஸ்ட் அன்னிக்குக் கட்டைவிரல்ல பாதி உணர்ச்சிதான் இருந்துச்சு. சூப்பர்வைசர் எதிர்ல உக்காந்தாரு. அத்திப்பள்ளியில இருந்து வர்றவரு, கன்னடக்காரரு, அதட்டிப் பேசாத மனுசன். பத்து பீஸையும் துணி விரிச்சு வெச்சாரு. மொத ரவுண்டு, பச்சை ட்ரே, சிவப்பு ட்ரேன்னு பிரிச்சேன். ரெண்டாவது ரவுண்டு, அதே மாதிரி. எது நல்லது எது கெட்டதுன்னு கடைசியிலதான் ஒத்துப் பாப்பாங்க, அதுவரைக்கும் அவருக்கும் தெரியாது. அவர் எழுதிக்கினே, "சென்னாகிதே, நல்லாப் போவுது"ன்னாரு. முதுகெல்லாம் வேர்வை.

மூணாவது ரவுண்டுல ஏழாவது பீஸ். சிவப்பு முனையை வெச்சேன். நிக்குதா, இழுக்குதா? எடுத்து மறுபடி வெச்சேன். தெரியல. பீஸைத் திருப்பிப் பிடிச்சேன், அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. அலுமினியத்தோட சொரசொரப்புல, துடைச்சும் போவாம, ஒரு நீலக் கறை.

அதே பீஸ். அந்தப் பொண்ணு தின்னர்ல துடைச்சது. சிவப்பு டப்பாவுல இருந்து டெஸ்ட்டுக்கு எடுத்திருக்காங்க. மொத ரெண்டு ரவுண்டுலயும் சிவப்புக்குப் போனது மூணுதான், அந்த மூணும் இந்த ரவுண்டுலயும் போயாச்சு. அப்படின்னா ரெண்டு தடவையும் இதை நான் பச்சை ட்ரேயிலதான் வெச்சிருக்கேன்.

இப்ப என்னா பண்றது? சிவப்புல வெச்சா அது கண்ணு சொன்னது, கை சொன்னதில்ல. அப்படி வெச்சுட்டு, முன்னாடி ரெண்டு தடவை தடுமாறிட்டேன்னு சொல்லி இன்னொரு சான்ஸ் கேட்டு வாங்கிடலாம். பத்தடி தூரத்துல அவ தலை குனிஞ்சு உக்காந்திருந்தா. அவ கை நின்னு போயிருந்துச்சு.

"ஏனாயித்து? என்னா ஆச்சு, கை நோவா?"ன்னாரு சூப்பர்வைசர்.

"நோவு இல்ல சார். நோவு தெரிஞ்சாதான் தேவலையே. ஒண்ணுமே தெரியல." கேஜைத் துணி மேல வெச்சேன். "இது என் பீஸ் சார். நல்லதுன்னு நான் புள்ளி வெச்சது. அப்புறம் நானே தின்னர் போட்டுத் துடைச்சேன்."

அவ நிமிந்து பாத்தா. நான் அந்தப் பக்கம் திரும்பல. எவ்வளவு நாளா இப்படின்னு சூப்பர்வைசர் கேட்டாரு. நாலஞ்சு மாசம்னேன். அவர் பேனாவை மூடி வெச்சுட்டாரு.

மெமோ வந்துச்சு. கேஜைப் பிடுங்கிட்டாங்க, பேக்கிங்ல போட்டாங்க. ஸ்டோர்ல இருந்த நீலப் புள்ளி பீஸ் மொத்தமும் கொண்டுவந்து கொட்டி, அந்தப் பொண்ணும் இன்னொருத்தரும் ரெண்டு நாள் உக்காந்து பாத்தாங்க. ரெண்டு பீஸ் மாட்டுச்சு. கஸ்டமருக்குக் கடைசியா அனுப்பி அங்க இருந்த லாட்டையும் திருப்பி வரவழைச்சாங்க, அதுல ஒண்ணு. அதுக்கு முந்தின மாசங்கள்ல போனதெல்லாம் வண்டியில ஏறி ரோட்டுக்குப் போயிடுச்சு. அதுல ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. இருக்கலாம்னுதான் சொன்னாரு.

ரெண்டு மாசம் அட்டைப்பெட்டி ஒட்டுனேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல அவ வந்து நின்னு, "ஏண்ணா உங்க மேல போட்டுக்கினீங்க?"ன்னா. "போய் சாப்புடும்மா"ன்னேன். நன்றியை அப்பவும் சொல்லத் தெரியல.

விரல் திரும்பி வந்தது ஒரு திங்கக்கிழமை, வேலைக்குப் போறப்ப. சூளகிரி தாண்டி, முன்னாடி தண்ணி லாரி ஒண்ணு மெதுவாப் போவ, பிரேக் பிடிச்சேன். லீவர் ஜில்லுன்னு இருந்துச்சு. கட்டைவிரல்ல கைப்பிடி ரப்பரோட கோடு கோடா எல்லாம் தெரியுது. நிமிந்து உக்காந்த வண்டியில கத்தணும் போல இருந்துச்சு.

ஒசூர் சிக்னல்ல வந்து நின்னேன். பின்னாடி ஒரு பைக் வேகமா வர்ற சத்தம். கண்ணாடியில பாத்தேன். ஒருத்தன், பின்னாடி அவன் சம்சாரம், நடுவுல தொப்பி போட்ட ஒரு கொழந்தை. முன்னாடி ஒரு லாரி நிக்குது. கைப்பிடி பக்கத்துல இருக்குறது எங்க சிலிண்டர், தூரத்துல பாத்தாலே எனக்குத் தெரியும். என் வலது கை தானா லீவரை இறுக்கிப் பிடிச்சுது. அவன் பிரேக் போட்டான்.

நின்னுடுச்சு. என் பக்கத்துல வந்து கால் ஊணி, "என்னாண்ணா அப்படிப் பாக்குறீங்க?"ன்னான். ஒண்ணுமில்லன்னு தலையாட்டுனேன். பச்சை விழுந்து அவன் போயிட்டான், நான் இன்னும் லீவரை விடல.