தலையெண்ணி

பின்பக்கமாகத்தான் வருவார். ஒரு வகுப்பறைக்கு இரண்டு கதவு இருந்தால் கரும்பலகைப் பக்கத்துக் கதவைத் தொடவே மாட்டார். செருப்பை வெளியிலேயே கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் வந்து நின்று, உதட்டை மட்டும் அசைத்துப் பிடரிகளை எண்ணுவார். ஒருமுறை இடமிருந்து வலம், ஒருமுறை வலமிருந்து இடம். இரண்டும் ஒத்துப்போனால் மூக்கால் சின்னதாக ஒரு ‘ம்’. அதன் பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் வந்தவர்போல இருமுவார்.

“முன்னாடி போனா எந்திரிச்சு நிப்பாங்க, வணக்கம் வைப்பாங்க, ஒருத்தன் ஒளிவான், ஒருத்தி எட்டிப் பாப்பா. மூஞ்சியப் பாத்தா எண்ணிக்கை தப்பிடும்யா.” அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. வேறு பாடம் எதையும் சொல்லித்தந்ததாக நினைவில்லை.

நகராட்சியின் சமுதாயக் கல்விப் பிரிவில் அவர் மேற்பார்வையாளர். நான் அவருடைய கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் எழுத்தர். மாலை வகுப்பு, வாசிப்பறை, இளைஞர் மன்றம் என்று நாற்பத்திரண்டு இடங்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. நாற்பத்திரண்டிலும் அவருக்குத் தலையெண்ணி என்றுதான் பெயர். அது அவருக்கும் தெரியும். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். மனுஷனுக்கு அதில் ஏகப் பெருமை. “வேலையச் சரியா செய்றவனுக்குத்தான்யா பட்டப்பேரு வரும்” என்பார்.

முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருக்கும். பையில் கரும்பலகையின் உயரத்தை அளக்க ஒரு இஞ்சு டேப்பு, ஒரு பிளாஸ்க் வெந்நீர், ஒரு புட்டி கோந்து. போகிற இடத்தில் டீ கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார். பிஸ்கெட்டைக் கண்டால் இரண்டடி தள்ளி உட்காருவார். இருபத்தொன்பது வருடத்தில் ஒருவர் கையிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை என்று அவர் சொல்வது நிஜம்தான். கை சுத்தமான ஆள். லஞ்சம் வாங்குகிறவனாவது எதிரில் நிற்பவனின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பான், இவனிடம் என்ன தேறும் என்று யோசிக்கவாவது செய்வான். இவர் அதற்கும் பார்த்ததில்லை.

ஒரு கையெழுத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் குனிந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு ஜோடி. உள்ள ரெண்டு பேரு வந்திருக்காங்க” என்று என்னிடம் அறிவித்தார். உள்ளே உட்கார்ந்திருந்தது அவருடைய சொந்த மைத்துனரும் அவர் மனைவியும். தலையெண்ணியின் மனைவி எனக்குக் காப்பி கொடுக்கும்போது சொன்னார்: “எத்தனை பேரு வந்தாங்கன்னு கேளுங்க தம்பி, கரெக்டா சொல்லுவாரு. யாரு வந்தாங்கன்னு கேட்டீங்கன்னா திருதிருன்னு முழிப்பாரு. எங்க கல்யாணத்துல முன்னூத்திப் பதினாறு பேரு. நான் என்ன கலர் புடவை கட்டியிருந்தேன்னு கேட்டுப் பாருங்க.” கேட்டேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

அவருடைய வேதம் ஏழாம் படிவம். அதில் மூன்றே மூன்று கட்டங்கள்: சேர்ந்தவர், இருப்பவர், விட்டுச் சென்றவர். தொடர்ந்து மூன்று பார்வையிடலில், விட்டுச் சென்றவர் பாதிக்கு மேல் போனால் அந்த வகுப்புக்கு நகராட்சி கொடுத்திருக்கும் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. படிக்க வந்தவர்கள் ஒருநாள் படித்து முடிப்பார்கள் என்பது மட்டும் அந்த மகானுக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் படிவத்தின்படி எங்கள் பிரிவிலேயே சிறந்த இடம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் இளைஞர் மன்றம்தான். பதினான்கு பேர். ஆறு வருடமாக அதே பதினான்கு பேர். சேர்ந்தபோது மீசை முளைக்காதவர்களுக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது. காலையில் வந்தால் கேரம் போர்டு, மாலையில் வந்தால் கேரம் போர்டு. தொழிற்பயிற்சிக்கென்று வாங்கிக் கொடுத்த நான்கு கணினிகளின் மேல் துவைத்த பனியன் காயும். ஆனால் ஒருவன்கூட விட்டுப் போனதில்லை. போவதற்கு அவர்களுக்கு இடமுமில்லை. மூன்று வருடமாகத் தொடர்ந்து அவர்களுக்குத்தான் கேடயம். தலையெண்ணி மேடையில் பேசினார்: “இந்த மாதிரி கட்டுக்கோப்பு வேற எங்கயும் கிடையாது.” கைதட்டல் ஓய்வதற்குள் பதினான்கு பேரும் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

டயர் கடை மாடியில் இருக்கும் மாலை வகுப்பு இதற்கு நேர் எதிர். அதை நடத்துகிறவரை எல்லோரும் மெஷின் அக்கா என்பார்கள். ஆயத்த ஆடை ஆலையில் பதினான்கு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாமல் பக்கத்து மெஷின்காரி வேலை ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்ததைப் பார்த்து ஆத்திரப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர். பாடப் புத்தகம் அவருக்கு ஆகாது. பேருந்து நேர அட்டவணை, மருந்துப் பெட்டி, மின்சார அலுவலகத்திலிருந்து வரும் மிரட்டல் கடிதம் இவைதான் பாடம். “படிச்சா உனக்கு இன்னைக்கே உதவணும். இல்லன்னா எதுக்கு மாடிப்படி ஏறி வர்ற?” என்று கேட்பார். கீழே டயர் கழற்றுகிற சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்கும்.

இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். கடைப் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு லாரி மெக்கானிக். ஒன்றரை வருடத்தில் பத்தொன்பது பேர் அடிப்படைத் தேர்வில் தேறி, சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி நல்ல வேலைக்குப் போய்விட்டார்கள். ஏழு பேர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள். தலையெண்ணி பின்பக்கமாக வந்தார், ஏழு பிடரிகளை எண்ணினார், எழுதினார்: சேர்ந்தவர் இருபத்தாறு, இருப்பவர் ஏழு, விட்டுச் சென்றவர் பத்தொன்பது. அடுத்த முறையும் அதே.

“முடிச்சவங்கன்னு ஒரு கட்டம் கிடையாதா சார்?” என்று அக்கா அப்போதே கேட்டார்.

“படிவத்துல இல்லையேம்மா.”

“படிவத்துல இல்லன்னா? பத்தொன்பது பேரு ஆளா நிக்கிறாங்களே!”

“இங்க நிக்கலையே?” என்றார் அவர். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகமாகத்தான் கேட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று நகராட்சிக் கல்விக் குழுத் தலைவருக்கு அரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். தலைவர் அதை மேற்பார்வையாளரின் கருத்துக்காக அனுப்பினார். மேற்பார்வையாளர் ‘தேவை எழவில்லை’ என்று எழுதி, கோப்பில் கட்டும்படி என்னிடமே கொடுத்தார். கட்டினேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஓய்வூதியம் வேண்டுமே. அவரைத் திட்டுகிற வாயால் என்னையும் கொஞ்சம் திட்டிக்கொள்வதுதான் நியாயம்.

மூன்றாவது பார்வையிடல் ஒரு புதன்கிழமை மாலை. இந்த முறையும் அதே கணக்கு என்றால் அறை போய்விடும். அது அக்காவுக்கும் தெரியும், படிக்கிற ஏழு பேருக்கும் தெரியும். அடுத்து அந்த அறை யாருக்கு என்பதும் ஊருக்கே தெரியும்: சந்தை மன்றத்துக்கு இடம் பற்றவில்லையாம், இரண்டாவது கேரம் போர்டு போட வேண்டுமாம்.

வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தவர், பின்வரிசையிலேயே அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சு நிறைய ஆட்கள். எண்ணினார். திரும்ப எண்ணினார். மூக்கால் இரண்டு ‘ம்’ வந்தது.

“பதினெட்டு! அப்போ விட்டுப் போனது எட்டே எட்டு. பாத்தீங்களாம்மா, கண்டிப்பா இருந்தா வர்றாங்கல்ல?” பரபரவென்று உட்கார்ந்து பதினெட்டு என்று எழுதினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கெட்டிக்காரி யாராக இருந்தாலும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

“சார், ஒரு நிமிஷம். இதுல பதினொரு பேரு முடிச்சவங்க. வேலையில அரைநாள் லீவு சொல்லிட்டு வந்திருக்காங்க. நீங்க ஒரு தடவை நேர்ல பாத்துப் பேசணும்னுதான் வரச் சொன்னேன்.”

தலையெண்ணி பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, ஒரு பெரிய சலுகை காட்டுகிற குரலில் சொன்னார்: “எனக்குப் பொய் எழுத வராதும்மா. இவங்க வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போடட்டும், இருக்காங்கன்னு எழுதறேன். அறை உங்களுக்கே. ஆனா ஒண்ணு. படிக்கிறவங்கன்னு பதிவு ஆயிட்டா, முடிச்ச சான்றிதழ் செல்லாது. திருப்பிக் குடுத்துட்டு, மறுபடி முடிச்சதும் வாங்கிக்கலாம். விதி அப்படி.”

சான்றிதழ் போனால் வேலையும் போகும். அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது, சொன்னவரைத் தவிர. லாரி மெக்கானிக் எழுந்து வந்தான். இப்போது பணிமனையில் அவனுக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கறை படிந்த விரல்களால் பேனாவை எடுத்தான்.

“போனாப் போவுதுக்கா. ரூம் இருக்கட்டும். நான் மறுபடி பரீட்சை எழுதிக்கறேன்.”

அக்கா அவன் கைமேலேயே பதிவேட்டைப் பட்டென்று மூடினார். “எவனாவது எவளாவது இதுல கையெழுத்து போட்டீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க. இதுக்காடா உனக்கு எழுதக் கத்துக் குடுத்தேன்? போ, போய் உக்காரு.” பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தலையெண்ணி இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பதினெட்டை நேர்க்கோடு போட்டு அடித்து, ஏழு என்று எழுதி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அச்சடித்த அறிவிப்பு கோப்பிலேயே இருந்தது. இடத்தின் பெயர், தேதி, காலி செய்யப் பதினைந்து நாள் கெடு. நிரப்பியது என் கையெழுத்து.

அதற்கும் ஒரு விதி. ஒட்டுவதற்கு முன் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். வாசிப்பவர் அந்த இடத்தோடு சம்பந்தமில்லாத வெளியாளாக இருக்க வேண்டும். வாசித்த பிறகு சாட்சியாகக் கையெழுத்தும் போட வேண்டும். யாரைப் பிடிப்பது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் வேகமாக ஒரு பெண் ஏறி வந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை. நேரமாகிவிட்ட பதற்றத்தில் மூச்சு வாங்கியது. அக்கா அவளைப் பார்த்ததும் என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

“வாம்மா, நல்ல சமயத்துல வந்தே. ஆஸ்பத்திரியா? படிக்கத் தெரியும்ல? இதைக் கொஞ்சம் சத்தமா வாசி.”

காகிதத்தை வாங்கிக்கொண்டாள். மருந்துக் கிடங்கில் பெட்டிப் பெட்டியாகப் பெயர் பார்த்து அடுக்குகிறவள். எழுத்தைக் கண்டு பயப்படுகிற காலம் அவளுக்கு முடிந்துவிட்டது. ‘மேற்படி மையத்தில் பயில்வோர் தொடர்ந்து விட்டுச் செல்வதாலும், மையம் நோக்கத்தை நிறைவேற்றத் தவறியதாலும்’ என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, அக்காவைப் பார்த்தாள். அக்கா, படி என்பதுபோலத் தலையை ஆட்டினார். கடைசி வரி வரை படித்தாள். எங்கும் தடுக்கவில்லை.

தலையெண்ணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “அடேயப்பா! பிசிறில்லாம படிக்கிறியே. எங்கேம்மா படிச்சே?”

“இங்கதான் சார். போன வருஷம்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “அடடா, மொதல்லயே சொல்லக் கூடாதா? நீ வெளியாள் இல்லையே.” அறிவிப்பை அவள் கையிலிருந்து வாங்கி மடிப்பு நீவிக்கொண்டே ஜன்னலுக்குப் போனார். பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு முறை கைதட்டி, தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்:

“ஏம்பா, படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?”