பந்தலுக்குள் கம்பளி கூடாது

தோட்டத்தை விட்டு விலகும் தொழிலாளி, அந்த ஆண்டு பெற்ற கம்பளியைக் களஞ்சியத்தில் ஒப்படைத்த பிறகே விலகல் சீட்டைப் பெறலாம். ஒப்படைத்த கம்பளி அடுத்த விநியோகம் வரை பூட்டில் இருக்க வேண்டும். விதி இது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்த காலத்தில் களஞ்சியத்துக்குச் சாவி ஒன்றுதான். அது என் இடுப்பில் இருந்தது.

நான் மணக்கவிருந்தவள் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாயார் கொழுந்தெடுத்தவர். முந்தின ஆண்டு, நோயில் கிடந்த அண்ணனைப் பார்க்க இந்தியாவுக்கு, முசிறிக்குக் கப்பலேறினார். போகுமுன் கம்பளியை என்னிடமே ஒப்படைத்தார். மூலையில் சிவப்பு நூலில் அவர் எண், 117. திரும்பி வர விசா வேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்காவது வர விடுங்கள் என்று கொழும்புக் கந்தோருக்கு எழுதினேன். என் விண்ணப்பங்களில் பிழை இருந்ததில்லை. அவற்றுக்குப் பதிலும் இருந்ததில்லை.

அவள் நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. "எங்கம்மா வந்து நிக்கணும். அவ்வளவுதாங்க."

எனக்கிருந்த கவலை வேறு. ஹட்டனிலிருந்து கோட்டு போட்ட உறவினர்கள் வருகிறார்கள். ஆகவே காலையில் ஆட்கள் கூடி வேலை பிரியும் பெரட்டுக் களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, பெண்களுக்கு நிறச்சேலை, இடுப்புச் சாக்கும் தலைக் கம்பளியும் பந்தலுக்குள் கூடாது, வெளியே கயிற்றில் தொங்கவிடவும்.

"ஆவணிக் குளிருக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டிருங்க ஐயா," என்றார் கங்காணி. "அதுவும் வெளியவே நிக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா வந்தா அவங்களையும் கழட்டச் சொல்லுவீங்களா?"

"விதி எல்லாருக்கும் ஒன்னுதான்," என்றேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மூடுபனி. சொன்னபடி எல்லோரும் கழற்றினார்கள். கயிறு நெடுகக் கம்பளிகள் தொங்கின; பனிக்குள் தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்பது போலிருந்தது. தாலி கட்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்துக் கடைசி மூலையைப் பார்த்துத் தலையசைத்தாள். அங்கே ஆள் இல்லை. புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

பிற்பகலில் விருந்தினர் அவரவர் எண்ணைப் பார்த்துக் கம்பளியை எடுத்துப் போனார்கள். ஒன்று மிஞ்சியது. 117.

களஞ்சியத்துக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். தட்டில் மற்றக் கம்பளிகளுக்கு நடுவே, ஒன்று இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் கிடந்தது.

திரும்பி வந்தபோது அவள் கயிற்றடியில் நின்றாள். நான் கம்பளியைத் தொட்டேன். வெளிப்புறம் நனைந்து சில்லிட்டிருந்தது. உட்புறம் வெதுவெதுவென்றிருந்தது, இப்போதுதான் ஒருவர் கழற்றினாற்போல.

"நீங்க சொன்னபடி கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாங்க," என்றாள். பிறகு, பனியைப் பார்த்தபடி: "இப்ப எதைப் போத்திக்கிட்டுப் போனாங்களோ?"

ஒன்பதாம் நாள் முசிறியிலிருந்து அவள் மாமாவின் கடிதம் வந்தது. தங்கை காய்ச்சலில் போய்விட்டாளாம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு. முசிறி வெயிலில், கடைசி மூச்சுவரை குளிருது, கம்பளியைக் கொடுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

அந்தக் கம்பளியை நான் களஞ்சியத்தில் திரும்ப வைக்கவில்லை. என் உத்தியோகத்தில் நானறிந்து செய்த ஒரே விதிமீறல் அது. மழைக்காலத்தில் என் மனைவி அதை வாசல் கொடியில் போட்டுவைப்பாள். காலையில் சில நாள் அது நனைந்திருக்கும், சில நாள் அங்கே இருக்காது. நான் விசாரித்ததில்லை.

கொழும்புக் கந்தோரும் கடைசியில் பதில் எழுதியது. மகளின் திருமணத்தில் கலந்துகொள்ள விண்ணப்பதாரி இலங்கைக்குள் வர அனுமதிக்கப்படுகிறார். பதினான்கு நாட்களுக்குள் திரும்பிவிட வேண்டும். அது எங்கள் கைக்குக் கிடைத்தது மறு ஆண்டு சித்திரை மூன்றாம் தேதி, காலைத் தபாலில்.