குங்குமம் வைத்த தாள்

எண்பதுகளின் பிற்பகுதியில் தென்காசியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. "அங்கே ஏது கம்ப்யூட்டர், அருவியும் குரங்கும்தானே?" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஊரை நினைத்தால் எனக்கு அருவியும் வருவதில்லை, சாரலும் வருவதில்லை. ஒரு தாள்தான் கண்முன் வருகிறது. உடனே பற்றிக்கொண்டு வருகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். "குத்தாலத்துக் காத்து சும்மா வருதப்போ ஏசி எதுக்கு?" என்று ஜன்னலை அகலத் திறந்து வைப்பார். சீசனில் சாரல் உள்ளே அடித்துக் கீபோர்டு நனையும். துடைப்பது நான். இலஞ்சியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து, கணக்கில் வாங்கிய பட்டத்தையும் மதுரையில் படித்த கம்ப்யூட்டர் படிப்பையும் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு பழந்துணியைத்தான் கையில் எடுப்பேன்.

நாங்கள் எழுதிய புரோகிராமின் வேலை மற்ற புரோகிராம்களை வேவு பார்ப்பது. எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது, எங்கே இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று அளந்து சொல்லும். அது ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க இருபத்திரண்டு சோதனைகள் வைத்திருந்தோம். ஒவ்வொரு சோதனைக்கும் வரவேண்டிய எண் ஒரு தாளில் இருக்கும். வந்த எண் அதோடு ஒத்துப்போனால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில்.

தாளைத் தயாரித்தவர் அண்ணாச்சி. அப்போது எங்களிடம் இருந்த ஒரே மிஷினில் இருபத்திரண்டையும் ஓட்டி, வந்த எண்களைப் பிள்ளையார் சுழி போட்டுத் தன் கையாலேயே எழுதினார். மறுநாள் ஆயுத பூஜை. ஊரில் லாரிக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்த அன்று எங்கள் மிஷினுக்கும் வைத்தார்கள். கூடவே தாளுக்கும் நாலு மூலையில் சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு சரஸ்வதி படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. சுண்டல் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆனியில் மெட்ராஸிலிருந்து இரண்டாவது மிஷின் வந்து இறங்கியது. அது வேறு ஜாதி. உள்ளே இருந்த சிப் வேறு கம்பெனியுடையது, வேகமும் வேறு. இதிலும் இருபத்திரண்டும் பாஸாக வேண்டும் என்று கடிதம் வந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு மிஷின்லயும் பாஸ் பண்ணிக் காட்டு. அடுத்த மாசமே உன்னைய அந்த மெட்ராஸ் கம்பெனி ஆபீஸுக்கே அனுப்பிருதேன்."

அந்த வார்த்தை போதும். மெட்ராஸில் பெரிய மிஷின்கள் இருந்தன. அதைவிட, என் கையில் யாரும் துடைக்கிற துணியைத் தரமாட்டார்கள் என்று நினைத்தேன். அங்கே போயே தீருவது என்று உட்கார்ந்தேன்.

முதல் ஓட்டத்தில் பதினேழு ஃபெயில். பாதி வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒன்று பிடிபட்டது. பெரிய எண்ணை இரண்டு துண்டாக வைக்கும்போது பழைய மிஷின் சின்னத் துண்டை முன்னால் வைத்தது, புதியது பெரிய துண்டை முன்னால் வைத்தது. எங்கள் புரோகிராம் இரண்டையும் ஒரே வரிசையில் படித்தது. அது எங்கள் தப்பு. திருத்தினேன். ஆறு சோதனைகள் தேறின.

மீதி பதினொன்றில் தப்பே கிடையாது. எட்டு, நேரம் அளக்கும் சோதனைகள். தாளில் இருந்தது பழைய மிஷின் எடுத்துக்கொண்ட நேரம். புதியது அதே வேலையைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, அதற்காக ஃபெயில் வாங்கியது. மற்ற மூன்றும், நினைவகத்தை எத்தனை முறை தொட்டோம் என்று எண்ணும் சோதனைகள். புதிய சிப்பில் அதை எண்ணும் வசதியே இல்லை. இல்லாததை எங்கே போய் எண்ணுவது?

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வேலையைப் பத்துத் தடவை செய்ய ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் ஆகிறதா என்று மட்டும் பார்த்தால், எந்த மிஷினிலும் அந்தச் சோதனை செல்லுபடியாகும். வசதி இல்லாத இடத்தில் 'இந்த மிஷினுக்குப் பொருந்தாது' என்று எழுதிவிட்டு மேலே போகலாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன்.

"தாள்ல கை வைக்கணும்ங்கியா?" என்றார்.

"தாள்ல இருக்கது பழைய மிஷினோட நேரம் அண்ணாச்சி. புதுசு வேகமா ஓடுது. நம்பர் எப்படி ஒத்துப்போகும்?"

"பூஜையில வச்ச தாளு. அதுல அடிச்சுத் திருத்தச் சொல்லுத."

"ஐந்தருவில அஞ்சும் ஒரே மாதிரியா விழுது?"

"அருவிக்கு எவனும் பரீட்சை வைக்கலியே." தன் பதிலில் தானே மகிழ்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் குரல் மாறியது. "பாஸு, ஃபெயிலு ரெண்டுதான் உண்டு. மூணாவதா என்னட்டி பொருந்தாது? தாள் இருக்கட்டும். மிஷின வழிக்குக் கொண்டா."

அதுவரை 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'ட்டி' என் காதில் இன்னும் இருக்கிறது. உடம்பெல்லாம் எரிந்தது. படித்த மனுஷன், சொந்தமாகப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர், ஒரு குங்குமப் பொட்டு வைத்து எண்களைச் சாமியாக்கிவிட்டார். அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டு உடைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. சோதனைகளைப் பார்க்க மெட்ராஸ் கம்பெனிக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

மிஷினை வழிக்குக் கொண்டுவந்தேன். எட்டுச் சோதனைகளுக்குள்ளும் வெறுமனே காத்திருக்கிற வரிகளைச் சேர்த்தேன். வேகமான மிஷின் வேலையை முடித்துவிட்டு, தாளில் இருந்த எண் வரும்வரை சும்மா நின்றது. எண்ணும் சோதனைகள் மூன்றிலும் எதையும் எண்ணாமல் தாளில் இருந்த எண்ணையே விடையாக எழுதிவைத்தேன். ஒரு முற்பகல் வேலை. இருபத்திரண்டும் பாஸ். அண்ணாச்சி ஆளை அனுப்பி அல்வா வாங்கிவரச் சொன்னார்.

மெட்ராஸ்காரர் வந்து இரண்டு மிஷின்களின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேரங்கள் அச்சாக ஒன்றுபோல் இருந்தன. "புதுசு ரொம்ப வேகம்னு சொன்னாங்க. ஒரு வித்தியாசமும் இல்லையே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாயைத் திறந்தால் மெட்ராஸ் போய்விடும். "இல்ல சார்" என்றேன்.

அவர் தாளை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். சட்டத்தைக் கழற்றி நான்தான் கொண்டுபோய் எடுத்துவந்தேன். நகலில் குங்குமம் கறுப்புத் திட்டாக விழுந்திருந்தது. அதன் கீழே, 'சோதித்தவர்' என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அடுத்த வாரம் புதிய மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணாச்சி, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, அந்த மிஷினே சரியில்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சொன்னபடி மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே ஹால் நிறைய பழைய ஜாதி மிஷின்களே வரிசையாக இருந்தன. புதியதில் வேகம் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததால் பழையதையே மொத்தமாக வாங்கிவிட்டார்களாம். ஒவ்வொரு முறை புரோகிராமை ஓட்டிவிட்டும் அது முடிவதற்காக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி மூன்று வருஷம். யார் மேல் கோபப்பட? அண்ணாச்சி மேல் பட்டேன். அது சுலபமாக இருந்தது.

மூன்றாவது வருஷம் வேறொரு சிப்போடு ஒரு மிஷின் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் சோதனைகளைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவள் மேலதிகாரியிடம் வந்து, தாளில் இருக்கிற எண்களை மாற்ற வேண்டும் என்றாள். சரியான காரணம் சொன்னாள். நான் சொன்ன அதே காரணம். அவர் சுவரைக் காட்டினார். அங்கே என் ஜெராக்ஸ், கறுப்புத் திட்டோடு.

"கையெழுத்துப் போட்டவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். மேலதிகாரியும் என்னைப் பார்த்தார்.

"தாள் இருக்கட்டும்மா. மிஷின வழிக்குக் கொண்டா" என்றேன்.

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். அவள் என்ன எழுதுகிறாள் என்று நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.