சுமையா என்று யாரும் இல்லை

கூட்டமான இடத்துக்குப் போகும்போது குழந்தையின் சட்டையில் பெயரை எழுதிக் குத்தி அழைத்துப் போவது நல்லதா, கெட்டதா? பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு இதே யோசனையாக இருக்கிறது. என் மகளுக்கு நான்கு வயது. சீட்டு இருந்தால் யாராவது படித்துவிட்டு நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்கிறது ஒரு மனம். முன்பின் தெரியாதவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாளே என்கிறது இன்னொரு மனம். ஒரு சீட்டு எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். "சீட்டு இருக்கட்டும், மொதல்ல அவளத் தொலைக்காம இருக்கப் பாரு" என்கிறார் என் கணவர். அவர் சிறுவயதில் தொலைந்துபோனதில்லை. நான் போயிருக்கிறேன்.

அதுவும் காணும் பொங்கலன்று காணாமல் போனேன். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பொங்கல் வைக்கும், பாதி வீடுகள் வைக்காது. ஆனால் காணும் பொங்கலன்று மாமல்லபுரம் போவதில் அந்த வேறுபாடு கிடையாது. எல்லோரும் ஒரே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போவோம். அந்த வருடம் எனக்கு ஆறு வயது. பெருநாளுக்கு எடுத்த மஞ்சள் கவுனை அம்மா போட்டுவிட்டிருந்தார். தூக்குவாளியில் புளிச்சோறும் பொரித்த முட்டையும் இருந்தன.

மாமா மட்டும் காலையிலேயே போய்விட்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். காணாமல் போகும் குழந்தைகளுக்காக அவருடைய கல்லூரிப் பிள்ளைகள் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு கூடாரங்கள் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் செல்போன் எடுக்காது என்று, இரண்டு கூடாரத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே கம்பி இழுத்திருந்தார்கள். கண்டெடுத்த குழந்தையின் பெயர், வயது, உடை என்று ஒரு கூடாரத்தில் அடித்து வைத்தால் இன்னொன்றிலிருந்து தேடிப் பார்த்துக்கொள்ளலாம். தேடும் வேலையைச் செய்யும் நிரலை எழுதியவர் மாமா. தமிழிலும் தேடும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சுதான்.

"குழந்தைங்க தொலைஞ்சாத்தான் உன் பெருமை தெரியும்போல. எதுக்குடா இந்த வேண்டாத வேல?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த வாயைத் தானே நொந்துகொண்டார்.

நான் தொலைந்தது ஒரு குதிரையின் பின்னால். மணலில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் வெள்ளைக் குதிரை. அதன் கழுத்து மணி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அம்மா வாளியின் மூடியைத் திறந்து மூடுவதற்குள் நான் போய்விட்டேனாம். எனக்கோ நான் எங்கும் போனதாகவே தெரியவில்லை. குதிரை நின்ற இடத்தில் நானும் நின்றேன். குதிரைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யார் வூட்டுக் கொயந்த இது? பின்னாடியே வந்துகினு கீது!"

அவர்தான் என்னைத் தெற்குக் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்த ஒரு அக்கா என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, "உன் பேரு இன்னாடா செல்லம்?" என்று கேட்டாள். சுமையா என்றேன். அவள் அதை எழுத்துக்கூட்டித் தமிழில் அடித்தாள். திரையில் என் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை வேறு கிடைத்தது. அந்த நாளில் அதைவிட நல்ல இடம் எனக்கு வேறு இருக்கவில்லை.

வடக்குக் கூடாரத்தில் நடந்ததை எல்லாம் பிற்பாடு பலர் வாயால் கேட்டிருக்கிறேன்.

அம்மாவும் அத்தாவும் மூச்சிரைக்க ஓடிவந்து மாமாவின் முன்னால் நின்றார்கள். மாமா, "இதுக்குத்தானேக்கா நாங்க கீறோம், பயப்படாத" என்று சொல்லிவிட்டு என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தார். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. தமிழில் அடித்தார். அப்படி யாரும் இல்லை. அத்தாவின் இனிஷியலைச் சேர்த்துப் பார்த்தார். அதற்கும் அதே பதில்தான்.

"நல்லாப் பாருடா."

"மெஷின் பொய் சொல்லாதுக்கா. ரெண்டு டென்ட்லயும் அவ இல்ல."

மெஷின் பொய் சொல்லவில்லை என்றால், கூடாரங்களில் இல்லாத குழந்தை வேறு எங்கே இருக்கும்? அத்தா படகுகள் நிற்கும் பக்கம் ஓடினார். அம்மா நேராகக் கடலைப் பார்த்து நடந்தார்.

அம்மா திரும்பி வந்தபோது குரல் கட்டியிருந்தது. மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "மஞ்சள்னு போட்டுப் பாரு" என்றார்.

"பேரே இல்லாதப்ப மஞ்சள் மட்டும் எங்கக்கா வரும்?"

"போடுறான்னா!"

அக்காவுக்குப் பயந்து மாமா மஞ்சள் என்று அடித்தார். திரை நிறைந்துவிட்டது. காணும் பொங்கலில் மஞ்சளுக்கா பஞ்சம்? மஞ்சள் பை, மஞ்சள் தொப்பி போட்ட பையன், மஞ்சள் சேலை கட்டிய ஆயா. கடைசியில் ஒரு வரி: மஞ்சள் கவுன், ஆறு வயது, பெயர் சுமையா, தெற்குக் கூடாரம்.

மாமா அந்த வரியையே வெறித்துக்கொண்டு நின்றாராம். அம்மா நிற்கவில்லை.

நடந்தது என்ன என்பது நானே கணினி படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எதையும் தேட வேண்டுமானால் முதலில் வாக்கியத்தைச் சொற்களாக வெட்ட வேண்டும். அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு வழி உண்டு. 'எழுத்துகளைச் சேர்த்து வை, எழுத்து அல்லாதது வந்தால் அங்கே வெட்டு' என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். மாமாவும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் பழகிய அந்த வரிக்கு நம்முடைய காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் எழுத்தாகத் தெரியவில்லை. கமாவைப் போல அவற்றையும் எறிந்துவிட்டது. சுமையாவில் மிஞ்சியது ச, ம, ய மட்டும். அதுவும் தனித்தனியாக. இனிஷியல்கள் வந்து குழப்புகின்றன என்று, ஒற்றை எழுத்துகளைத் தள்ளிவிடு என்று மாமாவே இன்னொரு வரி சேர்த்திருந்தார். ஆக என் பெயரில் தேடுவதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. மஞ்சளோ புள்ளியில் வெட்டுப்பட்டும் இரண்டிரண்டு எழுத்துத் துண்டுகளாகப் பிழைத்துக்கொண்டது. மாமா சோதித்துப் பார்க்காமல் இல்லை. தன் நண்பன் மதன் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மதனுக்குப் புள்ளி கடைசியில்தானே? அவன் ஒவ்வொரு முறையும் கிடைத்திருக்கிறான்.

அன்று மாலை திரும்பும் பஸ்ஸில் மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். என் உள்ளங்கையில் பேனாவால் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் காலையும் கொம்பையும் சுழியையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மறைத்து மறைத்துப் பார்த்தார். "சமய" என்று படித்தார். "சமயத்துல கெடச்சியேடி" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து நான் இன்னொரு கையையும் நீட்டினேன். இன்றுவரை அவருக்கு நான் சமயாதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. தெற்குக் கூடாரத்துக்குள் அம்மா நுழைந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவின் சேலை மார்பு வரை நனைந்து ஒட்டியிருந்தது. தலைமுடியில் மணல். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னை முட்டிவரைகூடத் தண்ணீரில் விடமாட்டேன் என்று காலையிலிருந்து மிரட்டியவர்.

"என்ன உட்டுட்டு நீங்க மட்டும் கடல்ல குளிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. "ஆமாடி, குளிச்சேன்" என்று சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டார். கவுன் நனைகிறது என்று நான் உதறினேன். அவர் விடவில்லை. செங்கல்பட்டு வரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை. இது அநியாயம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு அமல் என்று பெயர் வைத்தபோது, நம்பிக்கை என்ற அர்த்தத்துக்காக வைத்ததாக மாமியாரிடம் சொன்னேன். உண்மையில் அதை மனதுக்குள் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். புள்ளி கடைசியில் மட்டும். மாமாவிடம் சொன்னால், "அதெல்லாம் எப்பவோ சரி பண்ணியாச்சு சமயா, இப்ப எந்தப் பேரும் தொலையாது" என்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கும் அவர் அப்படித்தான் சொன்னார்.

இந்த வருடம் எல்லோரும் மாமல்லபுரம் போகிறோம். அமலுக்கு மஞ்சள் சட்டை எடுத்தாயிற்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் குத்தட்டுமா, வேண்டாமா? பெயரை எழுதாமல் என் போன் நம்பரை மட்டும் எழுதினால் போதுமா? பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைத்துப் போய்ப் பழகியவர்கள் பொங்கலுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.