கத்தியேந்திய ஒரு தமிழ்ப் பெண்

கொழுந்தனார் அந்த ஆங்கிலப் பத்திரிகையை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது. பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்கு நான் வாழவந்த புதிது. துறைமுகத்தில் நம் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். அதுவரை பத்திரிகையில் நாங்கள் இருந்ததே இல்லை. அதற்குப் பிறகு தினமும் இருந்தோம்: கும்பலாக, குடிகாரர்களாக, ஊரைக் கெடுக்க வந்தவர்களாக.

அன்று வந்த செய்தி இது: போலீஸ் கூட்டத்தைக் கலைத்தபோது, கத்தியேந்திய ஒரு தமிழ்ப் பெண் ஆட்களைத் தூண்டிவிட்டு ஓடி மறைந்தாள்.

என் மாமியார் சிரித்தார். கப்பல்துறையில் இளநீர் விற்றவர் அவர். "அடிக்குப் பயந்து எல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடினேன். கையில இருந்த கத்திய எங்கடா போட்டுட்டு ஓடுறது?"

கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கொழுந்தனார் சிரிக்கவில்லை. "பேர் போடலைம்மா. அதான் பயமா இருக்கு. இப்ப யார வேணாலும் பிடிக்கலாம்லா."

பிடித்தால் கப்பலேற்றி நாடு கடத்துவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. மாமியார் பினாங்கில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதைக் கிளறக்கூடக் கை வராது எனக்கு.

அப்புறம் அந்தச் சேதி வந்தது. சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கத்தியோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரி.

மாமியார் தலைவாரிக்கொண்டார். துவைத்த புடவையை எடுத்துக் கட்டினார்.

"போகாதீங்க அத்தே," என்று கையைப் பிடித்தேன்.

"என் வேலையும் போயிரும்மா," என்றார் கொழுந்தனார்.

"போனா வேற வேலை தேடிக்கலாம். அந்தப் புள்ளைக்கு வேற தாய எங்கடா தேடுவ?"

நானும் கூடப் போனேன். செய்தியில் வந்த பெண் தான்தான் என்று சொல்ல மாமியார் காவல் நிலையத்துக்குள் போனார்; நான் சுவரோரம் நின்றேன். சாயங்காலம் அந்த மீன்காரப் பெண் மட்டும் வெளியே வந்து, என்னைப் பார்க்காமலே ஓடினாள். மாமியாரை மறுநாள்தான் விட்டார்கள், இனிக் கப்பல்துறைப் பக்கம் வரக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

அதன் பிறகு மாமியார் வீட்டு வாசலிலேயே இளநீர்க் கடை போட்டார். முன்பெல்லாம் விற்று மீந்த காய்களை மாமியார் வீட்டுக்குக் கொண்டுவந்தால், பக்கத்து வீட்டுச் சீனப் பெண் மகளோடு வந்து, நின்றபடியே குடித்துவிட்டுப் போவாள். இப்போது மகளை உள்ளே அனுப்பிவிட்டு, எட்ட நின்று மலாயில் சொன்னாள்: வெட்ட வேண்டாம், முழுசாகவே கொடு. மாமியார் காயைத் தரையில் வைத்தார். அவள் பயப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று தானே பின்னால் நகர்ந்து நின்றார்.

இன்று என் மகன் வீட்டுக்கும் பத்திரிகை வருகிறது. எங்காவது கலவரம், அதில் பெயரில்லாமல் 'ஓர் இந்தியர்' என்று ஒரு வரி. அதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து, பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.